கவனச்சிதறல் நீக்கப்பட்டது

திருகோணமலை மாவட்ட ஒளிக்கலைப் பேரவையில் உறுப்பினராவதற்குப் படம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுத்த படத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும். இது தெரியாமல்தான் கிண்ணியா றஊப் அதில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வேண்டியிருந்ததோ, படத்தைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள்.

றஊப் வீடு வீடாகப் போய் மின்மானி வாசித்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் ஏறி இறங்காத முற்றம் இல்லை. "கரண்ட் நானா வாறார்" என்று ஊர் நாய்களுக்குக்கூடத் தெரியும். மானியைப் பார்க்கப் போன இடத்தில் பிளேன்டீ குடித்து, மகளின் கலியாணத்தைக் கேட்டு, மருமகனின் குணத்தைக் கேட்டு, கடைசியில்தான் இலக்கத்தைக் குறிப்பார். ஓய்வு பெற்ற பிறகுதான், காரணமில்லாமல் ஒரு வீட்டுப் படலையைத் திறக்க ஏலாது என்பது அவருக்கு விளங்கியது.

அந்த நேரத்தில் மகள் சப்ரினா டோஹாவிலிருந்து ஒரு கமெரா அனுப்பினாள். றஊப் தன் மனைவி சுபைதாவைப் படம் எடுத்துத் தள்ளினார். சுபைதா குசினியில், சுபைதா கொடியில் உடுப்புக் காயப்போடும்போது, சுபைதா கிண்ணியாப் பாலத்தில் குடையோடு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் மேசையில் இருந்து படங்களைப் பார்ப்பார்கள். தொழில் தோஷமோ என்னவோ, றஊப்பின் எந்தப் படத்தை எடுத்தாலும் அதில் ஒரு கரண்ட் போஸ்ட் நிற்கும்.

"எல்லாம் சரி, என்னை எடுத்தீங்களா, போஸ்டை எடுத்தீங்களா?" என்பாள் சுபைதா.

சிறுநீரக வருத்தம் அவளைக் கொண்டுபோன பிறகு படங்களும் போஸ்டுகளும் அப்படியே இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை. றஊப் பழைய படம் ஒவ்வொன்றாக மகளுக்கு அனுப்பினார். மகளுக்கு வைத்தியசாலையில் மாறி மாறி வேலை. நேரம் கிடைக்கும்போது ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். ஒரு கட்டைவிரலோடு எவ்வளவு நேரம்தான் கதைப்பது?

அப்படி இருக்கையில்தான் நகரத்து பஸ் நிலையச் சுவரில் பேரவையின் அறிவித்தலைக் கண்டார். "உங்கள் புகைப்படங்களைப் பகிரவும் உரையாடவும் வாரீர்" என்றிருந்தது. உரையாட என்ற சொல்லை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

பேரவை பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் ஒரு டியூட்டரி மண்டபத்தில் கூடும். றஊப் போன அன்று கரும்பலகையில் முதல் நாள் கணக்கு அழிபடாமல் இருந்தது. முன்னால் ஒரு ஸ்டூலில், பிலிம் போடுகிற பழைய கமெரா ஒன்றுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் விளக்கேற்றினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று, எடுக்கப்படாமலே போன படங்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு வரவேற்புரை. அதன் பிறகு, வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்று ஓர் உரை.

தலைவர் ஞானசேகரம் கல்வித் திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒளிக்கலைச் செம்மல் என்று பட்டம். பட்டத்தைக் கொடுத்தது பேரவை, பிரேரித்தவர் தலைவர். செயலாளர் ஹஸ்மி காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்பவர். கையில் ஒரு சின்ன வெண்கல மணி வைத்திருந்தார். அது எதற்கென்று றஊப்புக்கு முதலில் விளங்கவில்லை.

புதிய உறுப்பினரின் படத்தைத் திரையில் போட்டார்கள். சுபைதா பலகைக் கட்டையில் இருந்து மீன் வெட்டுகிற படம்.

"இதிலே மீன் எதைக் குறிக்கிறது?" என்று தலைவர் சபையைக் கேட்டார்.

ஒருவர் எழுந்து, மீன் என்பது கடலில் இருந்து பிடுங்கப்பட்ட ஒரு சமூகம் என்றார். இன்னொருவர் மறுத்து, மீனின் வாய் திறந்திருப்பதால் அது கருத்துச் சுதந்திரம் என்றார். மூன்றாமவருக்கு மீனில் அக்கறை இல்லை. வெளிச்சம் இடப்பக்கத்தில் கொஞ்சம் அகங்காரமாக இருப்பதாகக் குறைப்பட்டார். வெட்டுகிறவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

றஊப் எழுந்தார். "அது பாரை மீன். அண்டைக்கு மருமகன்ட ஆக்கள் வாறதெண்டு..."

ஹஸ்மி மணியை அடித்தார்.

"நானா, இருங்க. எடுத்தவர் கதைக்கக் கூடாது. படம்தான் கதைக்கும். அதுதான் எங்கட முதலாவது விதி."

"உரையாட வரச் சொல்லித்தானே போட்டிருந்தது?"

"ஓம். உரையாடல் நடக்குதுதானே. நீங்க அதில இல்லை, அவ்வளவுதான்."

றஊப் இருந்தார். தன் குசினியைப் பற்றி ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் கதைப்பதை, வேறு யாருடையதோ வீட்டுச் சங்கதி போலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் அடுத்த போயாவுக்கும் போனார். வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை.

பேரவைக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. அதில் போடப்படும் படங்களுக்கு மூன்று மறுமொழிகளுக்குத்தான் அனுமதி: நன்று, மிக நன்று, அற்புதம். அற்புதம் என்பது தலைவரின் படங்களுக்கு மட்டும். தலைவர் எடுப்பதெல்லாம் துறைமுகத்தில் சூரியன் மறைகிற படங்கள். விடிந்தால் ஒன்று குழுவில் வந்து விழும். உடனே அற்புதம் அற்புதம் என்று வரிசை கட்டும். றஊப் ஒரு தரம் அதன் கீழே, "இது எந்த இடத்தில நிண்டு எடுத்தது ஐயா? பக்கத்தில ஆர் இருந்தது?" என்று எழுதிவிட்டார். குழு ஒரு பகல் முழுக்க அமைதியாகக் கிடந்தது. பின்னேரம் செயலாளர் தொலைபேசியில் வந்து, படைப்பாளியிடம் இடம் விசாரிப்பது ஒழுங்கு மீறல் என்றும், இம்முறை தலைவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்றும் சொன்னார்.

ஆண்டுக் கண்காட்சிக்குத் தனிமை என்று தலைப்புக் கொடுத்தார்கள். கொடுத்த உடனே உறுப்பினர்கள் எல்லோரும் ஒற்றைப் பனை, ஒற்றைத் தோணி, ஒற்றைக் கொக்கு என்று தேடி இலங்கைத்துறை வரைக்கும் போனார்கள். ஒரே கொக்கை நான்கு பேர் எடுத்ததாகவும் ஒரு கதை உலாவியது.

றஊப் எங்கும் போகவில்லை. வீட்டில் இருந்து பழைய படங்களைப் பார்த்தார். எதைப் பார்த்தால் தனக்கு வீடு மிகவும் வெறுமையாகத் தெரிகிறதோ, அதுதான் தனிமைப் படம் என்பது அவருடைய கணக்கு. அப்படிப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் அந்தப் படம்தான்.

மூதூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போக, இரண்டு பேரும் நகரத்து ஜெட்டியில் லோஞ்சுக்குக் காத்திருந்த நாள் அது. ரோட்டால் போயிருக்கலாம், சுபைதாதான் கடலால் போகவேணும் என்று நின்றவள். லோஞ்சின் ஆட்டத்தில் சத்தி வரும், மணந்தால் அடங்கும் என்று ஒரு தேசிக்காயும் கையோடு கொண்டுவந்து, தான் இருந்த சீமெந்து வாங்கில் பக்கத்தில் வைத்திருந்தாள். காற்றில் முக்காட்டின் ஓரம் பறக்க, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் கலங்கும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வழக்கம்போல ஒரு போஸ்ட்.

படத்தை அனுப்பிக் கொஞ்ச நாளில் ஹஸ்மி தொலைபேசியில் வந்தார்.

"வாழ்த்துக்கள் நானா. உங்கட படத்துக்கு முதலாம் இடம்."

றஊப்புக்கு நம்ப முடியவில்லை. "உண்மையாவா தம்பி?"

"ஓம். குழு ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செஞ்சிருக்கு. ஒரு கவனச்சிதறல் இருந்தது. அதை நீக்கியாச்சு."

போனை வைத்த பிறகு றஊப் தனியே சிரித்தார். கடைசியில் அந்தப் போஸ்டை எடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டால் சுபைதா எவ்வளவு சந்தோசப்படுவாள் என்று நினைத்தார். நினைத்த கையோடு, கேட்க அவள் இல்லையே என்பதும் வந்தது. அன்றிரவு வெள்ளைச் சேட் ஒன்றைத் தேடி எடுத்துத் தானே ஸ்திரிக்கை போட்டார்.

கண்காட்சி நகரத்தில் ஒரு பொது மண்டபத்தில். றஊப் நேரத்தோடே போய்விட்டார். கொக்குகளையும் பனைகளையும் கடந்து நடு மண்டபத்துக்கு வந்தபோது, எல்லாவற்றிலும் பெரிதாக ஒரு படம் தொங்கியது. கடல், ஜெட்டி, ஒரு வெறும் சீமெந்து வாங்கு. வாங்கில் ஒரு தேசிக்காய். பின்னால் ஒரு கரண்ட் போஸ்ட், துளியும் பழுதில்லாமல். கீழே, எஞ்சியது என்று தலைப்பும் அவருடைய பெயரும்.

முதலில், வேறு யாருடையதோ படத்துக்குத் தன் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். தன்னுடையதைத் தேடி மண்டபத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். திரும்ப அதே இடத்தில் வந்து நின்றபோதுதான் போஸ்டின் இலக்கம் கண்ணில் பட்டது. கிட்டப் போய், படச் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"படத்தில கை வைக்க வேண்டாம் நானா" என்றபடி ஹஸ்மி வந்தார்.

"தம்பி, இதில என்ட பெண்சாதி இருந்தவ."

"ஓம், ஒரு பெண்மணி இருந்தாதான். படத்தில இருக்கிற ஆள் சம்மதம் எண்டு எழுதித் தரவேணும். உங்கட படத்தோட அப்பிடி ஒண்டும் வரேல்ல."

"அவ மௌத்தாகிட்டா தம்பி."

ஹஸ்மி உண்மையான அனுதாபத்தோடு தலையாட்டினார். "அப்ப அவவால சம்மதம் தர ஏலாதுதானே. எடுத்தது சரியாப் போச்சு."

படத்தைத் திருத்திய கௌசிகா பக்கத்தில்தான் நின்றாள். வங்கியில் வேலை செய்பவள். பேரவையில் கணினி வேலை எல்லாம் அவள் தலையில்.

"நான்தான் அழிச்சனான் அங்கிள்" என்றாள். "முகத்தை அழிக்கிறது லேசு. அந்த முக்காடு காத்தில பறக்குதெல்லோ, அந்த ஓரம்தான் போகவே மாட்டன் எண்டு நிண்டது. உங்கட ஆள் எண்டு எனக்குத் தெரியாது."

"கேட்டிருக்கலாமே பிள்ளை."

"கேட்கக் கூடாதெல்லோ" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் ஒரு மாதிரிப் போனது.

றஊப் சுபைதாவைத் திரும்ப வாங்கில் இருத்த வேண்டும் என்று கேட்டதால், மேடைப் பதாகைக்குப் பின்னால் அவசரச் செயற்குழுக் கூட்டம் ஒன்று நடந்தது. பெண்மணியை மீள அமர்த்துவதற்கான பிரேரணையைக் கௌசிகா கொண்டுவந்தாள். வழிமொழிய ஆள் இல்லாததால் ஹஸ்மியே வழிமொழிந்து, பிறகு தானே எதிர்த்தார். றஊப் சம்பந்தப்பட்ட தரப்பு என்பதால் அவருக்கு வாக்கில்லை. நல்ல நேரம் வாதாடியபின், படத்தில் உள்ள தேசிக்காய் மேற்படி பெண்மணியின் உடைமை ஆகையால் அதுவே அவரைப் போதுமான அளவு பிரதிநிதித்துவம் செய்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கௌசிகா கை உயர்த்தவில்லை. ஏகமனது என்பது தலைவரின் மனது என்று விதியில் இருந்தது.

பிறகு தலைவர் மேடையேறினார்.

"அன்பார்ந்த ஒளிக்கலை நெஞ்சங்களே, முதற்பரிசு பெற்ற இப்படத்தின் மூலப் பிரதியில் ஒரு பெண்மணி அமர்ந்திருந்தார். அமர்ந்திருந்தது மட்டுமல்ல, சிரித்துக்கொண்டும் இருந்தார். தனிமை என்ற தலைப்பின் கீழ் ஒருவர் சிரிப்பது எத்தகைய பொறுப்பற்ற செயல் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் அவரை நீக்கினோம். உடனே தனிமை வந்துவிட்டது."

கைதட்டினார்கள். றஊப்பும் பழக்கத்தில் ஒரு தரம் தட்டிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"கலைக்கு மனிதர்கள் பெரும் இடைஞ்சல்" என்று தலைவர் தொடர்ந்தார். "நான் கல்வித் திணைக்களத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ பாடசாலைகளைப் பரிசோதித்திருக்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் போவேன். அப்போதுதான் பாடசாலை அதன் முழு அழகோடு தெரியும். ஆசிரியர்களும் போயிருந்தால் இன்னும் விசேஷம். என் அறிக்கைகளில் ஒரு குறையும் இருந்ததில்லை என்பதை மேலிடமே ஒப்புக்கொண்டது. என் இல்லத்திலும் அப்படித்தான். பிள்ளைகள் மூவரும் வெளிநாடு போனபின் வீடு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது தெரியுமா? வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. யாரும் வருவதுமில்லை. ஆகவே தினமும் மாலையில் சூரியனைப் படம் எடுக்கப் போகிறேன்."

இந்த இடத்தில் அவர் தண்ணீர் குடித்தார். பிறகு தேசிக்காயின் புளிப்புக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துரைத்தார்.

றஊப்புக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரை விதியில் இல்லை.

அடுத்த நாள் காலை றஊப் கமெராவையும் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து, தன் படத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம், மானி வாசித்த காலத்துக் குரலில், "இதில ஒரு ஆள் இருந்தவ. என்ட பெண்சாதி. எடுத்திட்டாங்க" என்று சொன்னார். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் நின்று, வாங்கை ஒரு தரம், அவரை ஒரு தரம் பார்த்தார்கள்.

மத்தியானம் ஒரு மனிசி வந்தா. இலங்கைத்துறையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவ. வெயிலுக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் என்று உள்ளே ஏறியிருக்கிறா. கையில் மருந்துப் பை.

"எடுத்ததெண்டா, எப்பிடி எடுக்கிறது?" என்று கேட்டா.

றஊப் தன் போனைத் திறந்து முழுப்படத்தைக் காட்டினார். அந்த மனிசி பையைக் கீழே வைத்துவிட்டு, போனைத் தன் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தா.

"என்ன சிரிப்பு இது" என்றா. "என்னத்துக்குச் சிரிச்சவ?"

சுபைதா போனதற்குப் பிறகு ஒருவரும் கேட்காத கேள்வி. றஊப் அவ பக்கம் திரும்பிச் சொன்னார்.

"என்னைப் பார்த்துத்தான். மூதூர் லோஞ்சுக்கு நிண்ட நேரம். முழுசா எடுக்கவேணுமெண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போனனான். பின்னால மீன் பெட்டி இருந்தது தெரியா. அதுக்குள்ள விழுந்து இருந்திட்டன். பெட்டிக்குள்ள இருந்தபடிதான் இதை எடுத்தனான். அதுதான் வாங்கு கொஞ்சம் உயரமா இருக்கு, பார்த்தீங்களா?"

"அட, ஓம்." அந்த மனிசி விழுந்து விழுந்து சிரித்தா. "பிறகு? அந்த உடுப்போடயா மூதூருக்குப் போனீங்க?"

"வேற வழி? லோஞ்சில ஒருத்தரும் என்ட பக்கத்தில இருக்கேல்ல. இவ மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தவ. தேசிக்காயை எனக்குத் தந்திட்டா. கையில தேய்ங்க எண்டு."

சிரிப்புச் சத்தத்துக்கு நாலைந்து பேர் வந்து கூடினார்கள். போன் கை மாறியது. ஒருத்தர் மீன் பெட்டியில் என்ன மீன் என்று கேட்டார். இன்னொருத்தர் தன் தாயும் லோஞ்சில் சத்தி எடுப்பா என்றார். றஊப் கதைத்தார். மூதூர்த் தங்கச்சி வீட்டு வாசலில் வைத்து வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றியது வரைக்கும் கதைத்தார். கண்காட்சியில் வேறு ஒரு படத்துக்கும் இப்படிக் கூட்டம் கூடவில்லை. நான்கு கொக்குகளும் தனித்து நின்றன.

தலைவர் தூரத்தில் இருந்து இதைப் பார்த்தார். சிறிது நேரத்தில் படத்தின் பக்கத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது: "அருகில் நிற்பவர் படைப்பின் பகுதி அல்ல." அதைப் பார்த்ததும் இன்னும் ஆட்கள் வந்தார்கள், அவரும் காட்சிப் பொருள்தான், மறைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். பிறகு அவரைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார்கள். ஒரு பாடசாலைக் கூட்டம் வந்து கயிற்றோடும் றஊப்போடும் நின்று படம் எடுத்துக்கொண்டது. கடைசியில் நடுவர் குழு கூடி, கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஆராய்ந்தது.

ஹஸ்மி வந்து மெல்லச் சொன்னார். "நானா, குறை நினைக்க வேண்டாம். படத்துக்குப் பக்கத்தில ஒரு கவனச்சிதறல் இருக்கெண்டு குழு சொல்லுது."

"நானா?"

"ஓம் நானா."

றஊப் போனைப் பையில் வைத்தார். அந்த மனிசி எப்போதோ பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தா, பெயர்கூடக் கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கி, குனிந்து வெளியே வந்தார். குழு மறுபடி படத்தைப் பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. வாசல் வரைக்கும் கௌசிகா கூட வந்தாள். என்னவோ சொல்ல வாய் எடுத்தாள். உள்ளே இருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

கிண்ணியா பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. றஊப் அதில் ஏறவில்லை. கடற்கரை ரோட்டால் நடந்து ஜெட்டிக்குப் போனார். வெயில் தாழ்ந்திருந்தது. லோஞ்சுக்குச் சிலர் காத்திருந்தார்கள். அதே சீமெந்து வாங்கு வெறுமையாக இருந்தது. அதன் ஓரத்தில் இருந்துகொண்டு, கமெராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். பிறகு, சாமான் பெட்டியோடு நின்ற ஒரு வியாபாரியைக் கூப்பிட்டார்.

"தம்பி, என்னை ஒரு படம் எடுத்துத் தாறீங்களா?"

வியாபாரி சந்தோசமாக வாங்கிக் கண்ணில் வைத்தார். பிறகு கமெராவைத் தாழ்த்தினார்.

"நீங்க ஒரு கரையில இருக்கிறீங்க நானா. நடுவுக்கு வாங்க, நல்லா இருக்கும்."

"இல்ல" என்றார் றஊப். "பக்கத்தில இடம் விட்டு எடுங்க."